இரி என்னும் சொல்லின் மூலம்

ஆஷா எஸ்பெரான்டோ கற்றுக்கொண்டது தவறுதலாகத்தான். கொரோனா சமயத்தில், அடையாறில் அவள் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரி அவளைப் பதினான்கு நாள் ஒரு விடுதி அறையில் தனியாகப் போட்டு வைத்தது. ஸ்பானிஷ் தெரிந்தால் வெளிநாட்டு வேலைக்கு உதவும் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொல்லியிருந்தாள். ஃபோனில் ஒரு செயலியை இறக்கி, பச்சை நட்சத்திரம் போட்ட கொடியை ஸ்பெயின் நாட்டுக் கொடி என்று நினைத்துத் தொட்டுவிட்டாள். இந்த மொழியைப் பேசுகிற நாடு என்று எதுவும் கிடையாது என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அதற்குள் இருபத்தெட்டுப் பாடம் முடிந்திருந்தது. பாதியில் விட மனசு வரவில்லை.

நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்னால் வார்சாவில் இருந்த ஒரு கண் டாக்டர் உண்டாக்கிய மொழி அது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களே வேறு வேறு பாஷை பேசி அடித்துக்கொண்ட ஊரில் அவர் வளர்ந்தவர். எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்தால் சண்டை குறையும் என்று நம்பினார். லத்தீனிலிருந்து கொஞ்சம், பிரெஞ்சிலிருந்து கொஞ்சம், ஜெர்மனிலிருந்து கொஞ்சம் எடுத்து, விதிவிலக்கே இல்லாத இலக்கணம் ஒன்றைப் போட்டுக் கட்டினார். சண்டை குறையவில்லை. ஆனால் மொழி நின்றுவிட்டது. உலகமெங்கும் அங்கொருவர் இங்கொருவராக அதைப் பேசுகிறார்கள். ஆஷாவுக்கு அவர்களில் சில பேர் ஃபோன் வழியாகச் சினேகிதமானார்கள்.

அவர்களில் ஒருத்தி இலோனா. ஹங்கேரியில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லம் நடத்துகிறவள். அந்த இல்லத்தில் எண்பத்தொன்பது வயதில் ஒரு பாட்டி இருந்தாள். மறதி நோய் முற்றி, சொந்த மொழியே நழுவிப் போய், பதினெட்டு வயதில் கற்றுக்கொண்ட எஸ்பெரான்டோ மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. தண்ணீர் வேண்டும் என்பதையும் அதில்தான் கேட்பாள். இல்லத்தில் இலோனாவைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது. நர்ஸ் படிப்பும் எஸ்பெரான்டோவும் சேர்ந்த ஆள் உலகத்திலேயே நான்கு பேர்தான் அகப்பட்டார்கள். மூன்று பேர் வர மறுத்துவிட்டார்கள். நான்காவது ஆள் அடையாற்றுக் கடலோரத்தில், ஊரூர் குப்பத்தில் இருந்தாள்.

ஜூன் மாதம் அழைப்புக் கடிதம் வந்தது. ஒரே பக்கம். அக்டோபர் முதல் தேதி வேலையில் சேரவேண்டும். பழக்க தோஷத்தில் இலோனா அதை எஸ்பெரான்டோவிலேயே எழுதி, இல்லத்தின் முத்திரையையும் போட்டு அனுப்பிவிட்டாள்.

தேனாம்பேட்டையில் இருந்த விசா மையத்தில், ஆங்கிலத்தில் இல்லாத கடிதத்துக்கு அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். ஆஷா தி.நகரில் அப்துல் வஹீத் என்பவரின் மொழிபெயர்ப்புக் கடைக்குப் போனாள். அவர் கடிதத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"பிரெஞ்சு கீது, அரபி கீது, ஜப்பான் கூட ஆள் வெச்சிருக்கேன். இது என்ன பாஷைம்மா?"

"எஸ்பெரான்டோ, பாய்."

"எந்த நாடு?"

"நாடு இல்ல பாய்."

வஹீத் பாய் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். "அப்போ தரமணி ஆபீஸுக்குத்தான் நீ போவணும். அவங்க தமிழ்ல மாத்தி சீல் போட்டுக் குடுத்தா, அந்தத் தமிழை நான் இங்கிலீஷ் பண்ணித் தருவேன். அது செல்லும். ஆனா அங்க போறதுன்னா, பொறுமையா போம்மா."

தரமணி ஆபீஸின் முழுப் பெயர் உலகச் சொற்களின் மூலம் காணும் வாரியம். ஊழியர்கள் அதைச் சுருக்கி மூலம் என்றே சொல்வார்கள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்காரரிடம் ஆஷா வழி கேட்டபோது, அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்து, "மூலம் ஆபீஸா? உக்காராதம்மா, நின்னுக்கினே வா" என்றார்.

இரண்டு கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு நடுவில், மூன்றாவது மாடியில் வாரியம் இருந்தது. கண்காணிப்பாளர் சந்திரமௌலிக்கு ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. மயிலாப்பூர்க்காரர். ஆபீஸில் அவர் ஒருவர்தான் வந்தவர்களை நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறவர். மற்றவர்கள் "இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆஷா முதல் நாள் இரண்டரை மணி நேரம் இருந்தாள்.

சந்திரமௌலி கடிதத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ணினார். "வினைச்சொல் ஏழு இருக்கும்மா."

"சரி சார்."

"ஒவ்வொண்ணுக்கும் மூலம் நம்ம வேர்ப் பதிவேட்டுல இருக்கணும். மூலம் பதிவாகாத சொல்லுக்கு மொழிபெயர்ப்புச் சான்று தர முடியாது. அதுதான் ரூல்."

"மூலம் தெரியாட்டியும் அர்த்தம் தெரியும் சார். நான் சொல்றேன்."

"அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு எதுக்கு வாரியம்?" அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பல வருஷமாகத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டதைச் சொல்வதுபோலச் சொன்னார். "கவலைப்படாதேங்கோ. அன்னிய ஒலி உள்ள சொல்லை எல்லாம் தற்காலிக விலக்குன்னு போட்டு விட்டுடலாம்."

ஆறு சொல்லுக்கு அப்படியே போட்டார். ஏழாவது சொல்லில் பென்சில் நின்றது. கடிதத்தின் கடைசி வரி: "இக்கடிதம் கிடைத்ததும் தூதரகத்துக்குப் போ." அந்தப் 'போ' என்ற இடத்தில் எஸ்பெரான்டோவில் 'இரு' என்று இருந்தது.

"இது என்னம்மா, நம்ம இரு மாதிரியே இருக்கு?"

ஆஷா விளக்கினாள். எஸ்பெரான்டோவில் போவதற்கு 'இரி' என்று பெயர். போகிறேன் என்றால் 'இராஸ்', போனேன் என்றால் 'இரிஸ்', போவேன் என்றால் 'இரோஸ்'. கட்டளையாகச் சொன்னால் கடைசியில் உகரம் வரும். எந்தச் சொல்லானாலும் அப்படித்தான். ஆகவே 'இரு' என்றால் போ. லத்தீனில் போவதற்கு 'இரே' என்று ஒரு சொல் இருந்தது. ஸ்பானிஷ்காரர்கள் அதையே 'இர்' என்கிறார்கள். அதைத்தான் அந்த டாக்டர் எடுத்துக்கொண்டார். அகராதியில் அரை வரியில் இருக்கிறது. அவள் அதை ஃபோனில் எடுத்தும் காட்டினாள்.

சந்திரமௌலி ஃபோனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். "கரெக்டாத்தான் இருக்கு. லத்தீன்னு எழுதினா இன்னிக்கே பைல் முடிஞ்சிடும்."

"எழுதுங்க சார்."

"தமிழ் ஒலி உள்ள சொல்லை நான் முடிக்க முடியாதும்மா. இயக்குநருக்குப் போகணும்." பென்சிலைக் கீழே வைத்தார். "பாவம், வேற எந்தச் சொல்லாவது போட்டிருக்கப்படாதோ அந்த அம்மா."

இயக்குநர் முனைவர் கபாலி, மேடையில் பேசும் தமிழையே அறையிலும் பேசுவார். ஃபோனில் வீட்டாரிடம் பேசும்போது மட்டும் சாதாரணமாகப் பேசுவார் என்று ஊழியர்கள் சொல்வார்கள், கேட்டவர் யாருமில்லை. கடிதத்தைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"மகளே, நீ கொண்டுவந்திருப்பது விண்ணப்பம் அன்று. சான்று. இருபத்திரண்டு ஆண்டுகளாக இவ்வாரியம் எதற்காகக் காத்திருந்ததோ அது."

"சார், அது லத்தீன் சார். அந்த மொழியைச் செய்தவரே எழுதி வெச்சிருக்காரு."

"எங்கிருந்து எடுத்தோம் என்பதை எடுத்தவன் எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறான்? சரி, அறம் தவற வேண்டாம். அவர் தரப்பையும் கேட்போம். அழைப்பாணை அனுப்புங்கள்."

"அவரு செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு சார்."

"அது அவர் தரப்பு" என்றார் கபாலி.

வார்சாவுக்குப் பதிவுத் தபால் போயிற்று. ஜூலை முழுக்க அது போய்க்கொண்டிருந்தது. ஆஷா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வாரம் இரண்டு நாள் தரமணிக்குப் போய், நாற்காலியில் இருந்துவிட்டு வந்தாள். ஆகஸ்டில் தபால், பெறுநர் அந்த முகவரியில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை என்று கோப்பில் எழுதி, வல்லுநர் குழுவைக் கூட்டினார்கள்.

வல்லுநர் குழு என்பது கபாலியும் பேராசிரியர் சாய்நாத்தும்தான். சாய்நாத் வடமொழிப் பிரிவின் தலைவர். இரண்டு பேரும் பதினாறு வருஷமாக ஒருவர் எழுதும் கோப்பில் இன்னொருவர் கையெழுத்துப் போடாதவர்கள். விண்ணப்பதாரர் என்ற முறையில் ஆஷாவையும் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

கபாலி முதலில் பேசினார். "யவனன் மயிலாப்பூர்க் கரைக்கு வருகிறான். நம் தமிழனிடம் மிளகு வாங்குகிறான். பேச்சு முடிந்ததும் தமிழன் என்ன சொல்கிறான்? 'இரு, வருகிறேன்' என்கிறான். சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். யவனன் பார்க்கிறான். இரு என்றான், போனான். மறுநாளும் இரு என்றான், போனான். ஆகவே இரு என்றால் போதல் என்று யவனன் முடிவு கட்டுகிறான். ஊருக்குத் திரும்பி ரோமாபுரிக்காரனிடம் சொல்கிறான். இரே பிறக்கிறது. லத்தீன் என்று நீங்கள் சொல்வது, சரியாகப் புரியாத தமிழ்."

சாய்நாத் கையை உயர்த்தினார். "போகிறான் என்பதற்கு வடமொழியில் ஏதி. இ என்ற தாது. லத்தீன் இரேயும் அதுவும் ஒரே குடும்பம். இதை எந்த மொழியியல் புத்தகத்திலும் பார்க்கலாம்."

இதில் உண்மை இருந்தது. லத்தீனும் சமஸ்கிருதமும் தூரத்துப் பங்காளிகள். ஆஷாவுக்கே அது புரிந்து, "அப்போ பங்காளின்னு எழுதிடலாமே சார்" என்றாள்.

"பங்காளி என்று எழுதினால் போதாது. தாய் என்று எழுத வேண்டும்" என்றார் சாய்நாத்.

"எந்தப் புத்தகத்துல இருக்கு சார், தாய்னு?"

"நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்."

குழு மூன்று முறை கூடியது. மூன்றாவது கூட்டத்தில் கபாலி டிபன் தட்டை மேஜையில் வைத்த வேகத்தில் கேசரி சாய்நாத்தின் கோப்பில் விழுந்தது. அந்தக் கோப்பைக் காயவைக்க ஒரு வாரம் ஆனது. இதற்கிடையில் இலோனா செய்தி அனுப்பினாள்: பாட்டி ஒரு வாரமாகச் சாப்பிட மறுக்கிறாள், அவள் என்ன கேட்கிறாள் என்று இரவுப் பணியாளுக்குப் புரியவில்லை, நீ எப்போது வருகிறாய்? ஆஷா பதில் எழுத உட்கார்ந்தாள். ஒரு சொல்லுக்காக நிற்கிறது என்று எழுதி அழித்தாள். ஆபீஸில் தாமதம் என்று அனுப்பினாள். அக்டோபர் முதல் தேதியை ஜனவரி என்று மாற்றிக்கொள்ளலாம் என்று இலோனா எழுதினாள். அதற்கு மேல் முடியாது என்றும் எழுதியிருந்தாள்.

கடைசியில் சந்திரமௌலிதான் ஒரு வழி சொன்னார். கரையில் போய் மக்களிடமே கேட்டுவிடலாம் என்றார். அவர் நினைத்தது, வெயிலில் அரை மணி நின்றால் இரண்டு வல்லுநர்களும் ஒத்துப்போய்விடுவார்கள் என்று.

கள ஆய்வுக்குக் கரையோரக் குப்பம் ஒன்று தேவைப்பட்டது. விண்ணப்பதாரரின் முகவரியே குப்பமாக இருந்ததால் வேறு தேடவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. பேனர் கட்டினார்கள். வீடியோ எடுக்க ஓர் ஆள் வந்திருந்தார். ஆஷாவின் அப்பா மரியசெல்வம் படகின் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அது ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஐயா, கடலோடியே," என்று கபாலி உரக்கக் கூப்பிட்டார். "போதல் என்னும் வினைக்குத் தாங்கள் வழங்கும் சொல் யாது?"

மரியசெல்வம் மகளைப் பார்த்தார். "இன்னா கேக்கறாரு?"

"போறதுக்கு நாம இன்னா சொல்வோம்னு கேக்கறாரு நைனா."

"போறதுக்கு போறதுன்னுதான் சொல்வோம். வேற இன்னா சொல்வாங்க?"

"உங்கள் முன்னோர்? அவர்களுக்கும் முன்னோர்?"

இன்ஜின் புகை விட ஆரம்பித்தது. மரியசெல்வம் எழுந்தார். "இரு சார், டீசலை மூடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படகின் அந்தப் பக்கம் போனார்.

கபாலி அசையாமல் நின்றார். பிறகு வீடியோக்காரரிடம், "பதிவாயிற்றா?" என்று மெல்லக் கேட்டார். பதிவாகியிருந்தது. இரு என்று சொல்லியிருந்தார், போயிருந்தார். கபாலி அங்கேயே, மணலில், பேட்டி கொடுத்தார். சாய்நாத் வெயில் ஒத்துக்கொள்ளாமல் வேனில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஜன்னல் வழியாகக் கோப்பை நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மரியசெல்வம் திரும்பி வந்தபோது வேன் கிளம்பிக்கொண்டிருந்தது. "நான் இன்னும் பதிலே சொல்லலியே" என்றார்.

பத்து நாளில் மொழிபெயர்ப்பு வரைவு வந்தது. ஆஷா கடைசி வரிக்குப் போனாள். "இக்கடிதம் கிடைத்ததும் தூதரகத்தில் இரு" என்று இருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேராகக் கபாலியின் அறைக்குப் போனாள். "சார், இது போ சார். இருன்னு போட்டிருக்கீங்க."

"மூலம் இரு என்று நிறுவிய பிறகு மொழிபெயர்ப்பில் போ என்று எழுதினால், எங்கள் ஆய்வை நாங்களே மறுத்ததாகாதா?"

"ஆனா அர்த்தம் அது இல்லியே சார். நான் தூதரகத்துல போய்க் குடியிருக்கப் போறேன்னு நினைச்சுப்பாங்க. விசா தரமாட்டாங்க."

கபாலி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவருக்கு அவள் மேல் உண்மையான பிரியம் இருந்தது. "மகளே, பொருள் என்பது நாளுக்கு நாள் மாறுவது. இன்று போ என்பான், நாளை வா என்பான். மக்களை நம்பிச் சொல்லின் பொருளை விட்டுவைத்தால் இந்த வாரியம் எதற்கு? நானே என் வாழ்நாளில் இருபத்தாறு சொற்களுக்குப் பொருளை மாற்றியிருக்கிறேன். ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. ஏன்? அச்சொற்களை ஒருவரும் பயன்படுத்துவதில்லை. நீதான் முதன்முதலாக அப்படி ஒரு சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று வந்தவள். அதனால்தான் தாமதம்."

அந்த வரைவுக்குச் சம்மதம் என்று நீட்டிய தாளில் ஆஷா கையெழுத்துப் போட்டாள். போடும்போது அந்தப் பாட்டியைத்தான் நினைத்துக்கொண்டாள். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு, யாருக்கும் புரியாமல் அவள் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

சான்றிதழைக் கையில் கொடுக்கவில்லை. மேடையில்தான் கொடுப்பார்களாம். மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் 'உலகை நடத்திய ஒரு சொல்' என்று விழா. முன்வரிசையில் ஊழியர்களும் அவர்கள் குடும்பமும் இருந்தார்கள். பின்வரிசையில் அடுத்த கச்சேரிக்கு இடம் பிடிக்க வந்தவர்கள் இருந்தார்கள். கபாலி ஐம்பது நிமிஷம் பேசினார். சாய்நாத் வரவில்லை, வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தார். அதில் ஏதி என்ற சொல் ஒன்பது முறை வந்தது.

சான்றிதழைக் கொடுத்த பிறகு கபாலி ஒலிபெருக்கியை ஆஷாவின் முன்னால் தள்ளினார். "பயனாளி, எஸ்பெரான்டோ மொழியிலேயே இரண்டொரு சொல் பேசுவார்."

ஆஷாவுக்குக் காலையிலிருந்து டியூட்டி. மதியம் சாப்பிடவில்லை. மண்டபத்தைப் பார்த்தாள். அந்த மொழி தெரிந்தவர் அங்கே தன்னைத் தவிர யாருமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து மாதத்தில் முதன்முதலாக, மனதில் இருந்ததை அப்படியே சொன்னாள்.

"மி எஸ்தாஸ் லாத்சா. மி வோலாஸ் நுர் ஃபோரிரி."

எனக்கு அலுத்துப்போய்விட்டது, இங்கிருந்து போனால் போதும் என்று அர்த்தம்.

கைதட்டல் எழுந்தது. கபாலி கண்கலங்கி ஒலிபெருக்கியை வாங்கினார். "கேட்டீர்களா? லாத்சா என்றால் இலட்சம். நுர் என்றால் நூறு. வாரியத்துக்கு இலட்சத்து நூறு முறை நன்றி என்கிறார். இதில் அன்னியச் சொல் எங்கே இருக்கிறது?" மறுபடி கைதட்டினார்கள். சந்திரமௌலி மட்டும் தட்டவில்லை. அவர் ஆஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வஹீத் பாய் சான்றிதழைப் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "தூதரகத்தில் இருன்னு போட்டிருக்கே."

"போன்னு மாத்தி எழுதிடுங்க பாய்."

"முடியாதும்மா. தமிழ்ல என்ன கீதோ அதைத்தான் நான் எழுதணும். கையெழுத்து என்னுது." அவர் பேனாவை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். எதிர்க் கடையில் டீ வரவழைத்தார். பாதி டீயில் முகம் தெளிந்தது. "இங்கிலீஷ்ல 'பி அட் தி எம்பஸி'ன்னு போட்டா, இருன்னும் ஆச்சு, போன்னும் ஆச்சு. அங்க இருக்கணும்னா போய்த்தானே ஆவணும்?"

ஆஷாவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஐந்து மாதத்தில் அவளுக்காக ஒரு சொல்லை யோசித்த மனிதர் அவர் ஒருத்தர்தான்.

தேனாம்பேட்டை விசா மையத்தில் மாளவிகா என்ற பெண் கவுன்டரில் இருந்தாள். சான்றிதழைத் திருப்பினாள், சீலைப் பார்த்தாள், வஹீத் பாயின் கையெழுத்தைப் பார்த்தாள். வரிகளைப் படிக்கவில்லை. பிறகு மூலக் கடிதத்தின் தேதியைப் பார்த்தாள்.

"மேடம், இது ஜூன் மாசம். இன்விடேஷன் லெட்டர் மூணு மாசத்துக்குள்ள இருக்கணும். புது லெட்டர் வாங்கிட்டு, அதை ட்ரான்ஸ்லேட் பண்ணி எடுத்துட்டு வாங்க."

ஆஷா கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். மாளவிகா பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்துவிட்டு ஆஷா வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, இலோனாவுக்கு எழுதினாள்: புதிய தேதியிட்டு அதே கடிதத்தை அனுப்பு. ஆங்கிலத்தில் அனுப்பினால் புண்ணியம்.

இலோனா உடனே பதில் போட்டாள். ஆங்கிலம் எழுத எனக்குத் தெரியாது, ஹங்கேரிய மொழியில் வேண்டுமானால் தரட்டுமா?

ஹங்கேரிய மொழியில் எத்தனை சொல் தமிழ் போல இருக்குமோ என்று ஆஷாவுக்குப் பயமாகிவிட்டது. வேண்டாம், எஸ்பெரான்டோவிலேயே எழுது என்றாள். ஒரே ஒரு உதவி செய். கடைசி வரியில் போ என்ற சொல் வேண்டாம். வேறு எதையாவது போடு.

காரணம் கேட்காமல் இலோனா எழுதி அனுப்பினாள். புதுக் கடிதத்தின் கடைசி வரியில் 'விசிது' என்று இருந்தது. தூதரகத்தைப் பார்வையிடு என்று அர்த்தம்.

சந்திரமௌலி அன்று தனியாக இருந்தார். கபாலி வேறு ஊரில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தார். சந்திரமௌலி பென்சிலால் ஏழு சொல்லையும் தொட்டுப் பார்த்தார்.

"இதுல நம்ம சொல் மாதிரி ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"நன்னாப் பாத்துட்டேளா?"

"நாலு தடவை பாத்துட்டேன் சார். வாய்விட்டுப் படிச்சும் பாத்தேன்."

"விசிது... இங்கிலீஷ் மாதிரின்னா இருக்கு. இதுக்கெல்லாம் இயக்குநர் வரமாட்டார்." ஏழுக்கும் தற்காலிக விலக்குப் போட்டார். ஆஷா சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினார், முத்திரை குத்தினார், ஊதி மை காயவைத்து நீட்டினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

"கெளம்புங்கோ" என்றார் அவர். "நின்னா யாராவது வந்துடுவா."

ஜனவரி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை மதியம், ஆஷா விமானம் ஏறினாள். பாட்டி முதல் நாள் அவளிடம் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், ஜன்னலைக் காட்டி, பனி பெய்கிறது என்று எஸ்பெரான்டோவில் சொன்னாள். ஆமாம், எனக்கு இதுதான் முதல் பனி என்று ஆஷா சொன்னாள். அதிலிருந்து பாட்டி அவள் ஊட்டினால் மட்டும் சாப்பிட ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் வாரியத்தின் ஆண்டறிக்கையில் பயனாளியின் புகைப்படம் போட வேண்டும் என்று கபாலி நினைத்தார். சந்திரமௌலி மீதமிருந்த லீவை எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஆகவே கபாலியே விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு ஃபோன் செய்தார். அது மரியசெல்வத்தின் எண். அவர் கரையில் இருந்தார், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஷா இருக்கிறாரா?"

"ஆஷா போயிடுச்சு சார்."

கபாலி பேனாவைக் கீழே வைத்தார். "எப்போது?"

"போன செவ்வாக்கெயமை."

"நல்லபடியாகத்தானே..."

"நல்லபடியாத்தான் போச்சு. நாங்க எல்லாரும் கூடவே இருந்து அனுப்பிச்சு வெச்சோம். அதோட அம்மாதான் இன்னும் அழுதுக்கினே கீது. வயசுப் பொண்ணு, அவ்ளோ தூரம் தனியா போயிடுச்சேன்னு."

"கடைசியாக ஏதேனும் சொன்னாரா?"

"டயத்துக்கு மாத்திரை சாப்புடுன்னுச்சு. வேற இன்னா சொல்லும். சார், வலை இழுக்கணும், அப்பால பேசறேன்."

மறுநாள் வாரியத்தின் முழுக்கூட்டத்தில் கபாலி இரங்கல் தீர்மானம் கொண்டுவந்தார். சொல்லுக்காகவே வாழ்ந்த இளம் உயிர் என்று அவர் எழுதியிருந்தார். படிக்கும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. சாய்நாத் தீர்மானத்தை வழிமொழிந்தார், அதிலும் கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். மணி பகல் பன்னிரண்டு. ஹங்கேரியில் காலை ஏழரை. ஆஷா கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பாட்டியின் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

மரியாதை நிமித்தம் மதியத்துக்கு மேல் வாரியம் மூடப்பட்டது. அன்று காத்திருந்த ஒன்பது விண்ணப்பதாரர்களை நாளைக்கு வரச் சொன்னார்கள்.